ஒபாசிட்டி போன தாய்மாமன்

காதுகுத்து அன்று காலையில் வைரக்கண்ணு நூற்றுக்கு நாற்பதாக எழுந்தார்.

படுக்கும்போது முழுசாகத்தான் படுத்தார். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பிறந்ததிலிருந்து அவர் எதிலும் முழுசு. மீசை முழுசு. வாக்கு முழுசு. கோபப்பட்டால் அதையும் பாதியில் விட்டவர் இல்லை.

மனைவி முருகாயி காப்பி கொண்டுவந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். அடுப்படிக்குத் திரும்பிப் போய் இன்னொரு டம்ளரும் கொண்டுவந்தாள்.

"ரெண்டு எதுக்கு?" என்று கேட்டார் வைரக்கண்ணு.

"உங்களுக்குள்ள உங்க தம்பி தெரியிறாரு. ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

வைரக்கண்ணு எழுந்துபோய் பீரோக் கண்ணாடியில் பார்த்தார். முருகாயி பொய் சொல்லுகிறவள் இல்லை. பலமுறை வெளுத்த வேட்டி மாதிரி அவர் நாற்பது சதவீதம் இருந்தார். அவர் வழியாக, அவருக்குப் பின்னால், தம்பி சோலைராஜ் நின்றுகொண்டிருந்தான். தங்கை கல்யாணத்தில் போட்டிருந்த அதே பட்டுச் சட்டை. அதே கூலிங்கிளாஸ். கையில் பொரித்தட்டு. அவன் தலை அண்ணன் தலைக்கு மேலே ஒரு சாண் தெரிந்தது.

அந்த ஒரு சாண்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தங்கை இந்துராணியின் கல்யாணத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்தவன் உள்ளதை உள்ளபடி போட்டுவிட்டான். அண்ணன் குட்டை, தம்பி உயரம். மூத்தவன் தலைக்கு மேலே இளையவன் தலை நின்றது, கூலிங்கிளாஸோடு. மண்டப வாசலில் அண்ணாந்து பார்த்த வைரக்கண்ணு, இறக்கு என்றார். ஃபிளெக்ஸையா, தலையையா என்று தம்பி கேட்டான். அன்றோடு பேச்சு முறிந்தது.

கல்யாண வீடியோவை எடிட் செய்யும் ஜெசிந்தாவிடம் வைரக்கண்ணு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். தாலி கட்டும்போது தங்கச்சி பக்கத்தில் மூத்தவன் மட்டும்தான் தெரியவேண்டும். ஜெசிந்தா அப்படியே செய்தாள். அன்றிலிருந்து சோலைராஜை ஊரில் காணவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். அவனைத் திருப்பூரில் பார்த்ததாகச் சொன்ன யாரும் திருப்பூருக்குப் போனதில்லை.

வீடியோ இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குள் இந்துராணிக்குக் குழந்தை பிறந்து, நறுமுகை என்று பெயர் வைத்து, அதற்குக் காது குத்தும் நாளும் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாண வீடியோ அந்த வேகத்தில்தான் வரும்.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் இருக்கவேண்டும். தாய்மாமன் இல்லாமல் பாட்டு உண்டு, பந்தி உண்டு, காது கிடையாது. வைரக்கண்ணு இந்த மடிக்காக வெகுநாளாகத் தயாராகி வந்தார். சாப்பிடும்போதும் டிவி பார்க்கும்போதும் சம்மணம் போட்டே உட்கார்ந்தார். தொடையில் தினமும் நல்லெண்ணெய் தேய்த்தார். ஊரில் இப்படி ஒரு மடி இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். மறுத்துப் பேச யாருக்கும் மடி இல்லை.

முருகாயிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அடுப்படியிலிருந்து ஒரு பூசணிக்காயை எடுத்துவந்தாள்.

"உக்காருங்க. பாப்பா எடைதான் இருக்கும்."

வைரக்கண்ணு உட்கார்ந்தார். அவருக்குள் இருந்த சோலைராஜ் உட்காரவில்லை. கல்யாணத்தில் நின்றபடியே நின்றான். முருகாயி பூசணிக்காயை மடியில் வைத்தாள். அது கொஞ்ச நேரம் மரியாதைக்கு இருந்தது. பிறகு, சேற்றில் இறங்குகிற எருமை மாதிரி நிதானமாக இறங்கி, தொடையைக் கடந்து தரையில் போய் உட்கார்ந்தது.

"மடி நிக்கல," என்றாள் முருகாயி, பால் திரிந்துவிட்டது என்று சொல்லுகிற குரலில்.

மாப்பிள்ளை வீட்டார் இந்த மாதிரி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் உண்டு. அகலமான மனிதர். மண்டபத்தில் காலையிலிருந்தே அவர் சம்மணம் போட்டு, மடியில் துண்டு விரித்து, சும்மா உட்கார்ந்திருப்பதாக இந்துராணி போனில் சொன்னாள். "எங்கண்ணன் இருக்கையில அந்தத் துண்டு எதுக்குண்ணே அங்க விரிஞ்சு கிடக்கு?" என்று கேட்டாள்.

வைரக்கண்ணு செருப்பை மாட்டினார்.

தெருவில் டீக்கடைக்காரர் அவரைப் பார்த்து எழுந்து நின்றார். "வெளிப்படையான மனுசன்னா நம்ம வைரக்கண்ணுதான்," என்றார்.

வைரக்கண்ணு மீசையைத் தடவினார்.

"உள்ள இருக்கிறது அம்புட்டும் தெரியுது. ஆளும் நல்ல உசரம்."

மீசையிலிருந்த கை இறங்கியது.

ஜெசிந்தாவின் ஸ்டுடியோ டயர்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அவர் ஏற ஏற மாடிப்படி கூடிக்கொண்டே போனது. வைரக்கண்ணு அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தகுதிக்கு ஏற்ற படி என்று நினைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அதிர்ச்சி அடையவில்லை. அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மனிதர்களை எல்லா அளவிலும் பார்க்கிறவர்கள்தான்.

"ஒபாசிட்டி இறங்கிருச்சுண்ணே," என்றாள்.

"எந்த சிட்டி?"

"ஒபாசிட்டி."

"அங்க நமக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையே."

ஜெசிந்தா பொறுமையாக விளக்கினாள். வீடியோ என்பது பாய் மேல் பாய் விரிப்பது மாதிரி. அடியில் ஒரு படம், அதன்மேல் ஒரு படம். ஒவ்வொரு படத்துக்கும் குறுக்கே நூல் மாதிரி ஒரு கோடு ஓடும். அது நிற்கிற உயரம்தான் ஒபாசிட்டி. கோடு உச்சியில் இருந்தால் மேல்படம் முழுசாகத் தெரியும். கோட்டைக் கீழே இழுத்தால் மேல்படம் மங்கி, அடியில் இருக்கிறது தெரிய ஆரம்பிக்கும். தம்பியை எடுத்துவிடும்படி வைரக்கண்ணு சொன்னபோது, தம்பியை வெட்டினால் கூடவே கல்யாணப் பெண்ணின் பாதிக் கையும் போகும் என்று அவளுக்குப் பட்டது. அதனால் வெட்டவில்லை. தம்பி மேல் அண்ணனை எடுத்துப் போர்த்திவிட்டாள். மாப்பிள்ளை அழைப்புக்குப் பாட்டுச் சேர்க்கும்போது வெங்காய போண்டா தின்றுகொண்டிருந்தாள். மவுஸ் வழுக்கி, அந்தக் கோட்டில் பட்டு, கோடு இறங்கிவிட்டது. அது பழைய கதை. நேற்றுத்தான் வீடியோவை ரெண்டரில் ஏற்றினாள். ரெண்டர் என்பது வேகவைப்பது. வெந்தால்தான் வெளியே தெரியும்.

"எங் கையில தப்பு நடக்காதுண்ணே," என்றாள் ஜெசிந்தா. "மவுஸ் கையிலதான் நடந்துச்சு."

"சரி. ஏத்திரு."

"முடியாது. கொதிக்கிற உலையில கைய விடச் சொல்றீங்களா?"

"எப்ப வேகும்?"

"காது குத்துறப்ப வெந்துரும். முன்னப் பின்ன ஆகலாம்."

செய்ததை இல்லாமல் ஆக்குகிற பொத்தான் ஒன்று உண்டு என்று வைரக்கண்ணு கேள்விப்பட்டிருந்தார். அதை அமுக்கச் சொன்னார்.

ஜெசிந்தா நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினாள். "அன்டூ குடுத்தா ஒண்ணொண்ணாப் பின்னாடி போகும்ணே. கோடு இறங்குன பெறகு நடந்தது அம்புட்டும் அழிஞ்சாத்தான் கோடு ஏறும். நறுமுகை பொறந்ததும் அதுக்குப் பெறகுதான். குடுக்கவா?"

வைரக்கண்ணு அந்தப் பொத்தானிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

"நானே போய் ஏத்திக்கிறேன். அந்த சிட்டிக்கு எப்படிப் போறது?"

அப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லுவது ஜெசிந்தாவுக்கு வழக்கம் இல்லை. கீழே டயர்கடை வாசலில் மினிபஸ் நிற்கும் என்றாள்.

நின்றது. நெற்றியில் ஒபாசிட்டி என்று பலகை மாட்டியிருந்தது. கண்டக்டர் தகரத்தைத் தட்டி, ஒபாசிட்டி ஒபாசிட்டி என்று கூவிக்கொண்டிருந்தார். வைரக்கண்ணு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் அவரை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தார். நீங்கள் நாற்பது, உள்ளே நிற்கிறவர் அறுபது, இரண்டும் சேர்ந்து ஒரு டிக்கெட் போதும் என்றார். நியாயமான மனிதர்.

"அவன் கணக்குல நான் போக மாட்டேன்," என்றார் வைரக்கண்ணு. "ரெண்டு முழு டிக்கெட்டாக் கிழி."

பஸ் கிளம்பியது. பழகிய ரோடுதான். ஆனால் தண்ணித்தொட்டியைத் தாண்டியதும் ரோடு நீண்டது. முதல் ஸ்டாப்பில் கண்டக்டர், முகூர்த்தக்கால் எல்லாம் இறங்கு என்றார். அடுத்தது பொண்ணழைப்பு. அடுத்தது மாப்பிள்ளை அழைப்பு. அந்த ஸ்டாப்பில் ரோடெல்லாம் போண்டா எண்ணெய். பஸ் கொஞ்சம் வழுக்கியது.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள். சின்னமனூர்ச் சித்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று ஆரம்பித்த கொட்டாவி. ஜெசிந்தா அந்த இடத்தில் வெட்டியிருந்ததால் சித்தி அதை மூட வழியில்லாமல் இருந்தாள். ஒரு பங்காளி, "சாம்பாருல மட்டும்" என்று சொல்லி நிறுத்தினார். மீதி இரண்டு ஸ்டாப் தள்ளி இருந்தது. "உப்புக் கம்மி" என்று அங்கே ஏறிய வேறொருவர் சொன்னார். பஸ் ஆமோதித்தது.

தாலிகட்டு ஸ்டாப்பில் வைரக்கண்ணு இறங்கினார்.

மண்டபம் அப்படியே இருந்தது. வாசலில் கட்டிய வாழைமரம் வாடாமல் இருந்தது. மேளம் கெட்டிமேளத்தில் நின்றுபோய், மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். மணவறையில் இந்துராணிக்குப் பக்கத்தில் வைரக்கண்ணு நின்றார். அதாவது அவர் நிற்கிற இடம் காலியாக, ஆள் அளவில் அவருக்காக வைத்திருந்தது. போய் அதில் நின்றார். சட்டை பொருந்துவது மாதிரி பொருந்தியது.

கோடு இருந்தது. கொடிக்கயிறு மாதிரி மணவறைக்குக் குறுக்கே, அவர் இடுப்பு உயரத்தில் தொய்ந்து கிடந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், மூச்சுப் படும் தூரத்தில், சோலைராஜ் பொரித்தட்டோடு நின்றான்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதால் இருவரும் வாழைமரத்தைப் பார்த்தார்கள்.

வைரக்கண்ணு கோட்டைப் பிடித்துத் தூக்கினார். நெஞ்சுவரை வந்தது. அவர் கெட்டியானார், சோலைராஜ் மங்கினான். கழுத்துவரை வந்தது. தலைக்கு மேலே தூக்கினார். நுனிக்காலில் நின்றார். அங்கே நின்றுவிட்டது. உச்சிக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. அவர் தலைக்கு மேலே கூலிங்கிளாஸ் மட்டும் பளபளத்தது.

"வாழமரமே," என்றான் சோலைராஜ். "அவருக்கு எட்டாதுன்னு சொல்லு."

"எட்டாதாம்," என்றது வாழைமரம்.

"எட்டும்னு சொல்லு."

"எட்டுமாம்."

எட்டவில்லை. வைரக்கண்ணுவின் கால் நடுங்கியது. ஆனால் அது பெருமையான நடுக்கம்.

"எனக்கு எட்டும்," என்றான் சோலைராஜ் மரத்திடம். "நான் தூக்கி மாட்டி விட்டுர்றேன். அவரு முழுசாத் தெரிவாரு. பாப்பாவுக்கு மடி நிக்கணும்ல."

"தூக்குனா தூக்குற ஆளு இருக்க மாட்டான்னு சொல்லு."

"அவருக்கு அது தெரியுமாம்," என்றது மரம். "இம்புட்டு வருசமும் அப்படித்தான் இருந்தாராம். அடியில இருந்தா எல்லாம் கேக்குமாம். நேத்து நீங்க பாப்பாவுக்குத் தாலாட்டுப் பாடுனதும் கேட்டுச்சாம். ராகம் தப்பாம்."

வைரக்கண்ணு யோசித்தார். பாப்பா அந்தப் பாட்டில் தூங்கியது. ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தூங்கியது.

சோலைராஜ் பொரித்தட்டைக் கீழே வைத்துவிட்டு, நீண்ட கையை நீட்டிக் கோட்டைப் பிடித்தான். சிரமமே இல்லாமல் தூக்கினான். அவன் விரல்கள் முதலில் மறைந்தன. கூலிங்கிளாஸின் ஒரு கண் மறைந்தது.

"நிறுத்தச் சொல்லு," என்றார் வைரக்கண்ணு.

"நிறுத்தணுமாம்."

"என்னைய உசத்துறதுக்கு இன்னொருத்தன் கை வேணாம்னு சொல்லு. ஒருத்தன் உசத்தி நின்னவன்னு எம் பேருல இருக்கக் கூடாது."

அவர் கோட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கீழே விட்டார். தம்புரா நரம்பு மாதிரி அதிர்ந்துகொண்டே அது பழைய இடத்தில், இடுப்பு உயரத்தில், போய் நின்றது. கூலிங்கிளாஸின் இரண்டு கண்ணும் திரும்பி வந்தன.

"நாப்பது எனக்குப் போதும்னு சொல்லு."

"நீங்களே சொல்லிக்கங்க," என்றது வாழைமரம். "எனக்கு இலை கிழிஞ்சுபோச்சு."

சோலைராஜ் பொரித்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டான். மாப்பிள்ளை தாலியைக் கை மாற்றிப் பிடித்தார். வெளியே கண்டக்டர் தகரத்தைத் தட்டினார்.

வைரக்கண்ணு வாசலைப் பார்த்து நடந்தார். மரத்தைத் தாண்டும்போது, கிழிந்த இலையைப் பார்த்துச் சொன்னார்: "பஸ்ஸு போயிரும். வர்றதுன்னா வரச் சொல்லு."

திரும்பும்போது கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டும் சேர்த்து ஒரு டிக்கெட் கிழித்தார். வைரக்கண்ணு அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

காதுகுத்து மண்டப வாசலில் இந்துராணி நின்றிருந்தாள். இடுப்பில் நறுமுகை. மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி தங்கக் கம்பியோடு வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டு அகலமான மாமன் துண்டை ஒருமுறை உதறி மறுபடி விரித்துக்கொண்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று சபையைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்.

இந்துராணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணனுக்குள் இருந்த அண்ணனையும் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கோத்தது.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்களாண்ணே?"

"நான் மட்டுந்தான் வந்தேன்," என்றார் வைரக்கண்ணு.

உள்ளே இருந்தவன் மண்டப வாசல் வாழைமரத்திடம், தான் வரவே இல்லை என்று சொல்லச் சொன்னான். இது வேறு மரம். இதற்கு எதுவும் தெரியாது.

வைரக்கண்ணு மணைப் பலகையில் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்திச் சம்மணம் போட்டார். சபை அடங்கியது. முருகாயி பூசணிக்காயை நினைத்துக்கொண்டு ஒரு தலையணையோடு பின்னால் நின்றாள்.

இந்துராணி குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

குழந்தை கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது. கொலுசு போட்ட கால் முதலில் முழுகியது. பட்டுப் பாவாடையின் சரிகை முழுகியது. மாப்பிள்ளை வீட்டு மாமன் துண்டோடு எழுந்தார். முருகாயி தலையணையை நீட்டினாள். வைரக்கண்ணு யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய நெற்றியில் மட்டும் நாற்பது சதவீத வியர்வை.

அப்போது அவருக்குள் ஒரு சத்தம் கேட்டது. வெகுநாள் நின்ற ஒருவன் முழங்கால் மடக்குகிற சத்தம். சோலைராஜ் உட்கார்ந்தான்.

குழந்தை நின்றது.

தொட்டித் தண்ணீரில் உட்கார வைத்த மாதிரி, இடுப்புவரை மூத்த மாமனுக்குள் இருந்தது. அடியில் இளைய மாமன் தொடை தாங்கியது. சுற்றிலும் மூத்த மாமன் தொடை, அணை மாதிரி, அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. எழுந்த மாமன் நின்றபடியே யோசித்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தி எங்கே என்று கேட்டார்.

"மடின்னா இது மடி," என்றார் ஆசாரி. அவர் எத்தனையோ மடி பார்த்தவர். "கெணறு மாதிரில்ல இருக்கு."

வைரக்கண்ணு மீசையைத் தடவினார். இந்தமுறை கை இறங்கவில்லை.

ஆசாரி வலது காதைக் குத்தினார். நறுமுகை வீறிட்டது. "ஒண்ணுமில்லடி தங்கம்" என்று இரண்டு குரல் ஒரே நேரத்தில் சொன்னது. ஒன்றில் ராகம் சரியாக இருந்தது.

இடது காதுக்குக் கம்பி எடுக்கும்போது ஜெசிந்தா உள்ளே வந்தாள். கழுத்தில் கேமரா, கையில் திறந்த லேப்டாப். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வைரக்கண்ணுவுக்கு முன்னால் மண்டிபோட்டாள்.

வெந்துவிட்டது என்றாள். இனித் தொடலாம். கோட்டைக்கூட இழுக்க வேண்டியதில்லை. அந்தப் படத்தைத் தொட்டு ஒரே ஒரு அமுக்கு. அவர் நூறாகிவிடுவார். மடி கெட்டியாகிவிடும். அடியில் ஒரு ஆளும் தெரியாது. மேடையில் பெரிய திரை வேறு கட்டியிருக்கிறார்கள், இன்றே போட்டுக் காட்டலாம்.

"இப்படியே விட்டா எம் பேரு என்னாகிறதுண்ணே? ஜெசிந்தா எடிட்டிங்ல ஆளுக்குள்ள ஆளு தெரியுதுன்னு சொல்ல மாட்டாங்களா?"

அவள் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. லேப்டாப் திரையில் மணவறை தெரிந்தது. மாப்பிள்ளை இன்னும் தாலியோடு காத்திருந்தார்.

"அமுக்கவா?"

வைரக்கண்ணு மடியைப் பார்த்தார். இது அவர் கேட்டதுதான். தங்கச்சி பக்கத்தில் மூத்தவன் மட்டும். ஃபிளெக்ஸில் கிடைக்காதது வீடியோவில் கிடைக்கும், நூற்றுக்கு நூறு. மடிக்குள் சோலைராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தான். கேட்டு வாங்குகிற பழக்கம் அவனுக்கும் இல்லை. நறுமுகை அழுகையை நிறுத்திவிட்டுக் கீழே கையை விட்டு, எதையோ எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. பொரி.

"பூட்டு உண்டா அதுல?" என்று வைரக்கண்ணு கேட்டார்.

"உண்டு. பூட்டுனா அப்பறம் யாரு கை பட்டாலும் கோடு நகராது. எங் கை பட்டாலும்."

"அப்படியே பூட்டு."

"நாப்பதுலயா?"

"இருக்கிற இடத்துல."

ஜெசிந்தா பூட்டினாள். திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் விழுந்தது. மண்டபக் கதவில் தாழ் விழுந்த மாதிரி ஒரு சத்தம் எல்லோருக்கும் கேட்டது. லேப்டாப்பிலிருந்து கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை ஒருவழியாகத் தாலி கட்டினார்.

"நான் பூட்டுனா பூட்டுனதுதான்," என்றாள் ஜெசிந்தா சபையைப் பார்த்து. அதற்குள் அது அவளுடைய யோசனை ஆகிவிட்டது.

ஆசாரி இடது காதைக் குத்தினார். குழந்தை வாயில் பொரி இருந்ததால் பாதிதான் அழுதது.

அண்ணனும் தம்பியும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. பேசவேண்டியது ஏதாவது இருந்தால் பக்கத்தில் இருக்கிற மரம் செடி வழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அன்று பந்தியில் ஒரே இலைதான் போட்டார்கள். வைரக்கண்ணு இனிப்பைத் தொடவில்லை, அவருக்குச் சர்க்கரை. இலை எடுக்கும்போது இனிப்பு இல்லை. முருகாயி மட்டும் பாயசம் இரண்டு டம்ளர் வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். மேடை நடுவில் வைரக்கண்ணு நின்றார். ஒரு பக்கம் இந்துராணி, காதில் கம்பியோடு குழந்தை. இன்னொரு பக்கம் முருகாயி. ஜெசிந்தா கேமராவைக் கண்ணில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அண்ணே, தலை அடங்கல. மேல ஒரு சாண் வெட்டுது. கொஞ்சம் குனிங்க."

வைரக்கண்ணு வாழ்நாளில் முதல்முறையாக அந்த வார்த்தையைக் கேட்டார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் நிதானமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"நாங்க குனிய மாட்டோம்," என்றார். "நீ கேமராவத் தூக்கு."

ஜெசிந்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள்.